ஆயாவுக்கு எல்லாம் தெரியும்

என் அக்கா துர்கா எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவாள். அவளைக் கொலைகாரி என்று முதலில் சொன்னது ஊரும் இல்லை, உலகமும் இல்லை. எனக்குத் தாலி கட்டிய செம்மல்தான். புருஷனை அவன் இவன் என்று எழுதலாமா என்று கேட்பவர்கள் கதை முடிந்ததும் வந்து கேட்கட்டும்.

செம்மலுக்குப் பகலில் பைக் ஷோரூமில் வேலை. சாயந்திரம் லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்ததும் மேலே மட்டும் இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தித் துப்பறிய உட்கார்ந்துவிடுவான். 'ஈரச்சுவர்' என்று ஒரு மர்மத் தொடர், வாரம் ஒரு எபிசோட். யார் கொன்றது, அடுத்த ட்விஸ்ட் என்ன என்று இவன் ஒரு சேனலில் பேசுவான். வேலைவெட்டி இல்லாத கூட்டம் ஒன்று கீழே அதற்குப் பதில் எழுதும். அந்த நேரத்தில் நான் சமையலறையில் மிக்ஸி போடக்கூடாது. சட்னி அரைக்கக்கூட இவனுடைய துப்பு முடிய வேண்டும்.

தொடரை எடுத்ததே நம் ஊரில்தான். நெல்லித்தோப்பில் அக்கா குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மாடி வீட்டில் ஷூட்டிங் நடந்தது. வேடிக்கை பார்க்கப்போனவளைப் பிடித்து, அந்த வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரியாக நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வசனம் கிடையாது. கையில் துண்டோடு ஜன்னல் ஓரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். நிஜத்திலும் அவளுக்கு அதுதானே வேலை. மாமா போன பிறகு லாஸ்பேட்டையில் ஒரு க்ரெஷ்ஷில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தவள், தன் வயிற்றில் ஒன்று பிறக்காத குறையையே அங்கே மறந்துவிட்டாள். டிவியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். செம்மலும்தான் அன்றைக்குக் கைதட்டினான்.

அடுத்த வாரம் கதையில் காலேஜ் படிக்கும் பெண் செத்துப்போகிறாள். சாவதற்கு முன் சிநேகிதிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். "ஆயாவுக்கு எல்லாம் தெரியும்." அத்தோடு எபிசோட் முடிந்தது.

அந்த வீட்டில் பேச்சு நின்றுபோய் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருத்தி உண்டு. நம் ஊரில் அப்பாவைப் பெற்றவளும் ஆயாதான், அம்மாவைப் பெற்றவளும் ஆயாதான். பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண்ணை ஆயாம்மா என்போம். அரியாங்குப்பத்தில் பால்வாடி போகிற பிள்ளையைக் கேட்டால்கூட இந்த வித்தியாசத்தைச் சொல்லும். அந்தப் பெண் சொன்னது தன் பாட்டியை. அதில் துப்பும் இல்லை, துலக்கலும் இல்லை.

ஆனால் செம்மல் சாரின் வீடியோ என்ன சொன்னது தெரியுமா? ஆயா என்றால் வேலைக்காரி. ஜன்னலில் நிற்கிறாளே, அவள்தான் கொலைகாரி. அக்காவின் முகத்தைப் பெரிதாக்கி, கையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, பின்னால் பேய்ப்பட மியூசிக் வேறு. துண்டை ஏன் இடது கையில் வைத்திருக்கிறாள், யோசியுங்கள் மக்களே என்றான். ஷூட்டிங் அன்றைக்குக் காலையில் சோறு வடிக்கும்போது கஞ்சி கொட்டி வலது கை வெந்துபோயிருந்தது, அதனால் இடது கையில் வைத்திருந்தாள். அந்தக் கைக்கு மருந்து வாங்கி வந்து கொடுத்தவனே இவன்தான்.

வீடியோவைப் பார்த்ததும் படுக்கையறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். லைவ் ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும் என்று. நல்லவேளை, ஓடவில்லை. என்ன இது என்றேன். அக்காவை எங்கே சொன்னேன், கேரக்டரைத்தானே சொன்னேன் என்றான். அந்தக் கேரக்டருக்கு வேறு மூஞ்சி இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீ உங்க அப்பாவப் பெத்தவங்கள இன்னான்னு கூப்புட்ட?"

"ஆயான்னுதான்."

"அப்ப அந்தப் பொண்ணு யார சொல்லுதுன்னு உனக்குத் தெரியும்."

வீடியோவுக்கு வைத்திருந்த லைட்டை அணைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "தெரியும். வெளியூர்க்காரனுக்குத் தெரியாதுல்ல. பாக்குறவன்லாம் வெளியூர்தான் ஹேமா. பாட்டின்னு சொன்னா எவன் பாப்பான்?"

அறியாமல் செய்திருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறான். அன்றைக்கு என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அவன் அந்த வீடியோவை நீக்கவில்லை. இப்போது நீக்கினால் பயந்துவிட்டான் என்று பேசுவார்களாம். பெரிய கோர்ட்டு ஜட்ஜு.

அதற்குள் அது அவன் கையைவிட்டுப் போய்விட்டது. மதுரைக்காரன் ஒருவன், கோயம்புத்தூர்க்காரி ஒருத்தி என்று ஆளாளுக்கு எடுத்து வெட்டி ஒட்டினார்கள். ஒருத்தி அக்காவின் சிரிப்பைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு வீடியோ போட்டாள். கடைசியில் தொடரின் பெயர்கூட இல்லாமல் வெறும் துண்டுப் படமாக, 'இந்தக் கைகளை நம்பித்தான் நம் குழந்தைகளை விடுகிறோம்' என்று எழுதி, க்ரெஷ் பெற்றோர்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்து சேர்ந்தது. சிலர் நிஜச் செய்தி என்றே நினைத்துவிட்டார்கள். கதை என்று தெரிந்தவர்களும், கதையாகவே இருந்தாலும் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறதே என்று எழுதினார்கள். படித்தவர்கள், பேங்கிலும் காலேஜிலும் வேலை பார்ப்பவர்கள்.

க்ரெஷ் நடத்தும் பாக்கியலட்சுமி மேடம் கெட்டவர் இல்லை, பயந்தாங்கொள்ளி. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, கொஞ்ச நாள் வீட்டில் இரும்மா, சீரியல் முடியட்டும் என்றாராம். யாரோ எழுதுகிற கதை முடிகிறவரை என் அக்கா வேலைக்குப் போகக்கூடாது. இதைக் கேட்டதும் நான் நெல்லித்தோப்புக்கு ஓடினேன். அக்கா அழவில்லை. சம்பளத்தைப் பற்றியும் பேசவில்லை.

"மத்தியானத்துல யாருடி தூங்க வைக்கறாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அங்கே அவளுடைய வேலையே அதுதான். எவ்வளவு முரண்டு பிடிக்கும் பிள்ளையாக இருந்தாலும், முதுகில் மெதுவாகத் தட்டித் தட்டித் தூங்க வைத்துவிடுவாள். வேறு யார் தட்டினாலும் அதுகளுக்கு ஆகாது.

வாரா வாரம் எபிசோட் வந்தது. வாரா வாரம் அக்கா டிவி முன்னால் உட்கார்ந்து, தான் கொலை செய்தோமா இல்லையா என்று பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பூவாயி, எனக்கு மட்டும் சொல்லுடி, நீதானா என்று கேட்டாளாம். அந்தக் கிழவிக்கு ஷூட்டிங் என்றால் என்னவென்றே தெரியாது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் தெரிந்தவன் எங்கள் வீட்டில் கைலியோடு உட்கார்ந்து 'ஆயா தியரி, பாகம் நான்கு' பேசிக்கொண்டிருந்தான். நான் வேண்டுமென்றே மிக்ஸி போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லாத நாளில் வெறும் தண்ணீரை ஊற்றிப் போட்டேன்.

தொடர் முடிந்தது. கொன்றது பெரியப்பா. நாற்காலிப் பாட்டி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். ரசிகர்களுக்கு ஒரே கோபம். இதைவிட வேலைக்காரி கொன்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எழுதத் தெரியாதவர்கள் என்று திட்டினார்கள். செம்மலும், நம்மை ஏமாற்றிவிட்டார்கள் மக்களே என்று ஒரு வீடியோ போட்டான். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கதை முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று என்னைக் கேட்டான். அன்றிலிருந்து அவனுக்கு நான் சோறு போடுவதில்லை. அவனும் சமையலறையில் துப்பறியப் பழகிக்கொண்டிருக்கிறான்.

மேடம் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார். இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள். பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டன. தூங்கும் அறைக்குப் போனால், அவள் பாய் விரிக்கும் மூலைக்கு நேர் மேலே புதிதாக ஒரு கேமரா. பெற்றோர்கள் எல்லாரும் இனிமேல் செல்போனிலேயே பிள்ளைகளைப் பார்க்கலாம், பேசவும் பேசலாம், உன் மேல் சந்தேகம் என்று இல்லை, எல்லாருக்கும் பொதுவாகத்தான் என்றாராம் மேடம். பொதுவாக வைத்த கேமரா அவள் தலைக்கு மேல் மட்டும் எப்படி முளைத்தது என்று நான் கத்தினேன். விடுடி, வேலை கிடைத்துவிட்டதே என்றாள் அக்கா.

நான் வேலை பார்ப்பது க்ரெஷ் இருக்கும் அதே தெருவில் ஒரு மருந்துக் கடையில். நேற்று மத்தியானம் இரண்டு பெண்கள் இருமல் மருந்து வாங்க வந்தார்கள். இரண்டு பேரின் பிள்ளைகளும் அந்த க்ரெஷ்ஷில்தான். நான் பில் போடுவதற்குள் கவுண்டரில் செல்போனை வைத்து, தலையோடு தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாருங்க, எம் புள்ள அழுவுறான். இது கைய மடியில வச்சுகினு சும்மா உக்காந்துருக்கு."

"நேத்தும் அப்படித்தான். முன்னல்லாம் தட்டும்ல? இப்ப ஏன் தட்டல? ஏதோ இருக்குங்க. எனக்கு அன்னிக்கே டவுட்டு."

ஏன் தட்டவில்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் அக்கா சொல்லியிருந்தாள். தட்டினால் அந்தச் சின்னப் படத்தில் அடிக்கிற மாதிரி தெரியுமாம், யாரோ ஒரு அப்பா போன் பண்ணி மேடத்தைக் கேட்டுவிட்டாராம்.

நான் பில்லைப் போட்டுவிட்டு அந்தப் போனைப் பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கத்தான் செய்தேன். வேலை போனால் போகட்டும். உள்ளே என் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையன் அவள் மடியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதான். அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் முதுகில் வைத்துக்கொண்டான். அவள் மெல்ல அந்தக் கையை எடுத்துக்கொண்டாள்.

பேசுவதற்கென்று இருந்த மைக் பொத்தானை அழுத்தினேன். தட்டுக்கா, எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அக்கா" என்பது வரைதான் வந்தது. அந்தக் கேமராவின் கரகரத்த ஸ்பீக்கரில் அது யார் குரலாகக் கேட்டதோ தெரியவில்லை. அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினாள்.

"நான் தொடலம்மா," என்றாள். "சத்தியமா தொடல."