பதின்மூன்றாம் தொகுதியைத் தொடாதவர்கள்

புத்தகம் கடைக்கு வந்து இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அதைப் படித்து முடித்து நூற்று எழுபத்தொன்பது மணி நேரம். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமையைத் தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி ஒப்பேற்றியிருந்தாள். இந்த ஞாயிறும் அதையே சொன்னால் சித்தி வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்துவிடுவாள். சித்தி பல் டாக்டர்.

‘பனிவாசல்’ இருபத்தாறு வருடங்களாக வந்துகொண்டிருந்த மாயக்கதை. பன்னிரண்டாம் தொகுதியின் கடைசி வரியில் குதிரைக்காரனை மூடிய வாசலுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, எழுதிய பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆறு வருடம் அவன் பனியிலேயே நின்றான். பிறகு பதிப்பகம் யாரும் கேள்விப்படாத ஒரு சின்னப் பெண்ணைப் பிடித்துப் பதின்மூன்றாவதை எழுதி முடிக்க வைத்தது. செய்தி வந்த அன்றே சித்தி மருந்துச்சீட்டுத் தாளில் ஓர் உறுதிமொழி எழுதினாள்: ‘இந்தப் புத்தகத்தைத் தொட மாட்டோம். தொட்டவருக்கு இந்தக் கூட்டத்தில் இடமில்லை.’ நான்கு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கிளினிக்கின் காத்திருப்பு அறையில், பல் துலக்கும் முறையை விளக்கும் படத்துக்குக் கீழே அது ஒட்டப்பட்டது.

அந்த நான்கு பேர் சித்தி, லிஃப்ட் மெக்கானிக், கணக்கு வாத்தியார், அவள். பதினோரு வருடங்களாக ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்த அறையில் கூடிப் பனிவாசலைப் பற்றி மட்டுமே பேசுவார்கள். வாரத்தில் அவள் வாய் திறப்பதும் அந்த இரண்டு மணி நேரம்தான். மற்ற நாட்களில், சித்தி வைத்த ‘ஊமைக்கோட்டான்’ என்ற பெயருக்கு அவளால் எந்தக் களங்கமும் வந்ததில்லை. அங்கே இருக்கும் நாற்காலி போய்விட்டால் அவளுக்குப் பேச வேறு இடம் கிடையாது.

படித்துவிட்டேன் என்பதைக்கூட என்றாவது ஒருநாள் ஒப்புக்கொள்ளலாம். அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவள் குளியலறையில் தனியாகக்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

இந்த ஞாயிறு அவள் போய் நாற்காலியை இழுத்துப் போட்டதும் சித்தி ஆரம்பித்துவிட்டாள். பெரியவர் வரிசையில் இந்தப் பெண் ஒரு பொய்ப்பல் என்றாள். கேட்டுக்கொண்டிருந்த அவளுக்குச் சுருக்கென்றது. அவள் பிழைப்பே பொய்ப்பல்தான். பின்தெருவில் இருக்கும் பல் லேபில் வேலை. பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, விளிம்பில் ஓடும் லேசான நீலத்தைக்கூட விடாமல் கொண்டுவந்துவிடுவாள். போன மாதம் ஒருவர் வாயில் அவள் செய்தது எது என்று தெரியாமல் சித்தியே நல்ல பல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள். அதைச் சொல்லலாம் என்று நினைத்து, சொல்லாமல் விட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு ஈவிரக்கமே கிடையாது, இருந்தால் குதிரையைக் கொல்வாளா என்று அங்கலாய்த்தார் மெக்கானிக்.

“குதிரை செத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் வாத்தியார்.

ஏதோ ஓர் அலுவலகத்தில் லிஃப்டுக்கு எண்ணெய் போடும்போது இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள் என்று மெக்கானிக் மென்று விழுங்கினார்.

“தப்பா பேசியிருக்காங்க. அது எங்க செத்துச்சு? மயக்கம்தான். அடுத்த அத்தியாயத்துல எழுந்து நிக்குதே.”

சொன்ன பிறகுதான் வாத்தியாருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“ரெண்டு பேரும் அரைகுறையா படிச்சிட்டு பேசாதீங்க” என்றாள் சித்தி. “சும்மா வந்த மயக்கமா அது? ராணி குடுத்த பச்சிலை. நானூத்திப் பன்னண்டாம் பக்கத்துல தெளிவா இருக்கு.”

சொல்லிவிட்டுச் சித்தி சுவரில் ஒட்டியிருந்த உறுதிமொழிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பிறகு ஆளுக்கொரு காரணம் வந்தது. எவ்வளவு மோசம் என்று தெரியாமல் எப்படித் திட்டுவது என்றார் மெக்கானிக். வாத்தியார் தவறுகளை எண்ணுவதற்காகப் படித்தாராம். எண்ணிக்கை விட்டுப்போனதால் இரண்டாம் முறையும் படித்தாராம். சித்தி பல் மருத்துவ இதழின் அட்டைக்குள் ஒளித்து வைத்து, ஊசி போட்டு வாய் மரத்துப்போகும் வரை கிடைக்கும் சில நிமிடங்களில் படித்து முடித்திருந்தாள். அந்த வாரம் சிலருக்கு வாய் தேவைக்கு மேலேயே மரத்துப்போனது.

ஆனால் சுத்தக் குப்பை என்றார்கள் மூவரும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். பிறகு மூன்று தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

“பாருங்க இவள. நம்ம நாலு பேர்ல சொன்ன சொல்ல காப்பாத்தினது இந்த ஊமைக்கோட்டான் ஒண்ணுதான்” என்றாள் சித்தி.

பனிவாசலின் முன்கதையையும் அந்தப் பெண்ணிடமே கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அதைத் தடுத்தாக வேண்டும். இந்தக் கூட்டத்தின் கடிதங்களுக்குப் பதிப்பகத்தில் மதிப்பு உண்டு. மூன்று முறை பின்னட்டையில் போட்டிருக்கிறார்கள். கறைபடாத கை எழுதினால்தான் எடுபடும் என்று சித்தி அவள் கையில் பேனாவைத் திணித்தாள்.

அவர்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். குதிரை, பச்சிலை, நீளமான வாக்கியங்கள். கடைசியாகச் சித்தி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: ‘பெரியவர் இருந்திருந்தால் இதைவிட நன்றாக முடித்திருப்பார்.’

‘இதைவிட’ வரை எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. பன்னிரண்டு தொகுதிகளிலும் ராணி ஒற்றைக்கண்ணோடுதான் வந்துபோனாள். அந்தக் கண் எப்படிப் போனது என்று பெரியவர் ஒரு முறைகூட அவளைக் கேட்கவில்லை. இந்தப் பெண் கேட்டிருந்தாள்.

“என்னடி, மை தீர்ந்துபோச்சா?”

“இல்ல சித்தி. நானும் படிச்சிட்டேன். உங்க எல்லாருக்கும் முன்னாடியே முடிச்சிட்டேன்.”

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். நாலுக்கு நாலு, நூறு சதவீதம் என்றார் வாத்தியார். சித்திகூடக் கோபப்படவில்லை. படித்தால் என்ன, குப்பை குப்பைதானே, எழுதி முடி என்று தாளைத் தட்டினாள். நாற்காலி அவளிடமே இருந்தது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த ஞாயிறும் இருக்கும்.

அவள் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தாள்.

“இத நான் எழுத மாட்டேன் சித்தி. பெரியவர விட இந்தப் பொண்ணு நல்லா எழுதியிருக்கா.”