பருத்திப்பால் வாசனையுள்ள கிரீன் டீ

மதுரையின் ருசிகளையெல்லாம் ஒரே கிரீன் டீக்குள் போடுவதென்று முடிவாகி எட்டு மாதமாகிறது. அதற்கென்று திறந்த ஆபீசில் ஆளுக்கொரு ருசி ஒப்படைக்க வேண்டும். எங்கள் தெருவில் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நான் ஒருவன்தான் பாக்கி.

கொடுத்த ருசி திரும்ப வராது. முக்குக் கடைக்காரர் கறிதோசையைக் கொடுத்தார். இப்போது அவர் கடைக் கறிதோசை வட்டமாக மட்டும் இருக்கிறது. ஜிகர்தண்டா குளிர்ச்சியாக மட்டும் இருக்கிறது. யாரும் குறை சொல்வதில்லை. வட்டமாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன என்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

கொடுக்காதவர் வீட்டில் தினம் ஒரு படி கூடும். நான் முதல் மாடியில் குடியிருக்கிறேன். முன்பு பதினாறு படி. அன்று காலை இருநூற்று ஐம்பத்தாறு. முப்பத்தொரு வருஷம் டீக்கடை பாய்லர் முன்னால் நின்று தேய்ந்த முழங்கால் எனக்கு. இறங்கும்போது பாதிவழியில் உட்கார்ந்து, பேப்பரில் மடித்துக் கொண்டுவந்த வடையைத் தின்றேன். வடையில் ஓட்டை இருந்தது. வேறொன்றும் இல்லை.

கீழே கோட்டைச்சாமி நின்றான். பக்கத்து வீட்டுக்காரன். போன ஐப்பசியில் பாய்லராக மாறிவிட்டான். செம்பு உடம்பு, வயிற்றில் கரி, இடுப்பில் குழாய். அவன் பொண்டாட்டி வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குகிறாள். முன்பைவிடப் பளபளப்பாகத்தான் இருக்கிறான்.

“எங்கிட்டுண்ணே?”

“ஆபீசுக்கு.”

“குடுக்கப் போறீகளா?”

“ஆமா.”

“குடுத்துருங்க. நான் அயிரமீன் குழம்பக் குடுத்தேன். இப்ப எதுவுமே வேணும்னு தோணல. உள்ள தண்ணி இருந்தாப் போதும்.”

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ருசி. என் மனைவி பஞ்சவர்ணம் காய்ச்சும் பருத்திப்பால். அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அவளுடைய முகத்தை ஒரு ஜவுளிக்கடைப் பொம்மைக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். குரலை பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். தேனி பஸ் கிளம்பும்போது அவள்தான் அறிவிக்கிறாள். எனக்குத் தேனியில் ஒரு வேலையும் இல்லை.

பருத்திப்பாலை மட்டும் கொடுக்கவில்லை. என் டீக்கடை ஓரமாக ஒரு பானை வைத்து சாயங்காலம் விற்பாள். ஒருநாள்கூட ஒழுங்காகக் காய்ச்சியதில்லை. பருத்திக்கொட்டைப் பாலில் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய், அதன் அடியில் லேசாகத் தீய்ந்த வாசனை. அந்தத் தீய்ச்சல்தான் எனக்குப் பஞ்சவர்ணம்.

ஆனால் அதுவும் குறைந்துகொண்டே வந்தது. முதல் வருஷம் நினைத்தால் நாக்கில் ஒரு டம்ளர் வரும். அப்புறம் அரை டம்ளர். போன வாரம் ஒரு கரண்டி. வைத்துக்கொண்டிருந்தாலும் போய்விடும் என்று புரிந்தது.

அலுவலக நோட்டீசில் ஒரு வரி இருந்தது. கொடுத்தவருக்கு முதல் கப். அதில் அவர் கொடுத்தது முழுதாக இருக்கும். இரண்டாவது கப்பிலிருந்து ஊருக்குப் பொது. எனக்கு அந்த முதல் கப் வேண்டும். அதற்காகத்தான் போனேன், படி குறையட்டும் என்று அல்ல.

அலுவலகத்தின் நடை நடக்க நடக்க நீண்டது. சுவரில் இரண்டு இடத்தில் ‘நடையைக் குறை சொல்லாதீர்’ என்று எழுதியிருந்தது. கடைசியில் ஒரு மேஜை. லூர்துமேரி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

“பேரு?”

“சோணைமுத்து.”

“என்ன கொண்டாந்தீங்க?”

“பருத்திப்பால்.”

“ஏற்கனவே நாப்பது வந்துருச்சு.”

“இது அடிப்பிடிச்சது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“தெரிஞ்சு பிடிச்சதா, தெரியாமலா?”

“பேசிக்கிட்டே இருப்பா. கிண்ட மறந்துரும்.”

“யாருகூடப் பேசுவாங்க?”

“எங்கூடத்தான்.”

படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் அடித்தார்.

நாக்கை நீட்டச் சொன்னார். ஈரப் பஞ்சால் ஒரே இழுப்பாகத் துடைத்தார். பஞ்சு பழுப்பானது. அவர் அதை மோந்து பார்த்தார். இன்னொரு தடவை மோந்து பார்த்தார். பிறகு அதைப் பச்சை இலைத்தூளோடு ஒரு சின்னப் பையில் போட்டு, நூல் கட்டி, நாற்பத்தொன்று என்று எழுதினார்.

“இப்ப ஏதாவது தெரியுதா?”

யோசித்துப் பார்த்தேன். பஞ்சவர்ணம், மனைவி, வயது ஐம்பத்திரண்டு. ரேஷன் கார்டில் வாசிப்பது போல இருந்தது.

“இல்லம்மா.”

“நல்லது.”

“மொதக் கப்பு?”

“வாசல்ல பாய்லர் இருக்கு. மாஸ்டர் இன்னிக்கு லீவு.”

“நானே மாஸ்டர்தான்.”

“அப்ப நீங்களே போட்டுக் குடிங்க. குடிச்சிட்டு இதுல கையெழுத்து.” பையையும் ஒரு தாளையும் நீட்டினார். ‘முதல் கப் அருந்தினேன்’ என்று அச்சடித்திருந்தது. “ஒரு தடவைதான் வரும். பாத்து.”

திரும்பும்போது நடை இரண்டே எட்டுதான். வாசலில், ரோட்டோரம், கோட்டைச்சாமி கொதித்துக்கொண்டு நின்றான்.

“வேலைக்குக் கூப்பிட்டாகண்ணே.”

கண்ணாடி கிளாசை வெந்நீரில் அலசினேன். பையைப் போட்டுக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் பச்சையாகி, பிறகு கருப்பட்டி நிறமானது. ஆவி எழுந்தது. முதலில் சுக்கு. அப்புறம் ஏலக்காய். அப்புறம் அடியிலிருந்து அந்தத் தீய்ச்சல் வந்தது.

ஆவிக்குள் ஒரு கை தெரிந்தது. கரண்டி பிடித்த கை. கிண்டாமல் அந்தரத்தில் நின்றது. அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் இருந்தால் திரும்பியிருப்பாள். மூன்று வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

என் வலதுகை கிளாசைத் தூக்கியது.

முப்பத்தொரு வருஷமாக, கடை திறந்ததும் போடும் முதல் டீயை நான் ரோட்டில்தான் ஊற்றியிருக்கிறேன். எங்கள் பக்கம் எல்லா மாஸ்டரும் அப்படித்தான். முதல் டீயை மனுஷன் குடிப்பதில்லை. அது அன்றைய நாளுக்கு. கை அதை என்னிடம் கேட்டுச் செய்வதில்லை.

ஒரே வீச்சாக ஊற்றிவிட்டது.

“அண்ணே” என்றான் கோட்டைச்சாமி.

தார் ரோட்டில் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம். அதிலிருந்து கொஞ்ச நேரம் ஆவி வந்தது. பிறகு வரவில்லை. கையை அப்படியே வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதே பையில் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

“நல்லாருக்கே.”

“லேசாத் தீஞ்ச வாசம் வருது.”

“அது நம்ம ஊரு வாசம்யா.”

நானும் ஒன்று குடித்தேன். சூடாக இருந்தது.

லூர்துமேரி ஆபீஸ் வாசல்படியில் வந்து நின்றார்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“நான் குடிக்கலம்மா.”

“பின்ன யாரு குடிச்சது?”

“ரோடு.”

அவர் ஆச்சரியப்படவில்லை.

“அப்ப ரோடுதான் கையெழுத்துப் போடணும். காயறதுக்குள்ள வாங்கிருங்க. காஞ்சா செல்லாது.”

ரோட்டோரம் உட்கார்ந்து தாளை ஈரத்தின் பக்கத்தில் விரித்தேன். பேனாவை மூடி கழற்றி வைத்தேன். ஈரம் தோசை அளவுக்கு வந்தது. பிறகு உள்ளங்கை அளவு.

“போட்டுரு” என்றேன். “பஞ்சவர்ணம், போட்டுரும்மா.”

பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து தேனி போகும் பயணிகளை ஒரு பெண் குரல் ஏறச் சொன்னது. எட்டணாக் காசு அளவு ஈரம் இருக்கும்போது குனிந்து நாக்கை வைத்தேன். தார் ருசித்தது. அதை இன்னும் யாரும் ஒப்படைக்கவில்லை.

“வீட்டுக்குப் போங்கண்ணே” என்றான் கோட்டைச்சாமி. “இப்பப் பதினாறு படிதான்.”

பதினாறு படி ஏறி அங்கே என்ன செய்வது. ரோடு காய்ந்துவிட்டது. தாள் பறக்காமலிருக்க ஒரு கையால் அழுத்திக்கொண்டேன். மறுகையை, அந்த வலதுகையை, தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன்.