ஏழு பாட்டன் பேர்

கிர்கிஸ்தானின் மலையூரான நாரினில் மார்ச் பிறந்தாலும் பனி விடாது. நோருஸ் என்ற புத்தாண்டுப் பண்டிகை வருகிறதே என்று தாமரா டீச்சர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, அப்பன் வழியில் ஏழு தலைமுறைப் பெயர்களை ஒப்பிக்கச் சொன்னாள். கிர்கிஸ் வீட்டில் பிறந்துவிட்டு இதுகூடத் தெரியாமல் இருக்கலாமா? எல்லோரும் கடகடவென்று ஒப்பித்தார்கள். பெர்மெத்துக்கு முதல் பெயரே வரவில்லை. அவளுக்கு அம்மா மட்டும்தான்.

"ஏழு பாட்டன் பேர் தெரியாதவன் அடிமைன்னு பெரியவங்க சொல்லுவாங்க. போய்க் கேட்டுட்டு வா," என்றாள் டீச்சர். வகுப்பு சிரித்தது. டீச்சரும் கொஞ்சம் சிரித்தாள். வாய்க்கு வந்த பழமொழிதானே!

அதற்கப்புறம் பெர்மெத் பொறுப்பான பிள்ளையாகிவிட்டாள். யார் முறையானாலும் கரும்பலகையைத் துடைப்பது அவள், தரையைத் துடைப்பது அவள். "சபாஷ்! இவளைப் பார்த்துக் கத்துக்கங்க," என்று டீச்சர் மெச்சிக்கொண்டாள். காலையானால் வயிற்றுவலி என்று அழுகிறாள், பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறாள் என்று அம்மாக்காரி வந்து சொன்னபோதும், "செல்லம் குடுக்காதீங்க" என்று அனுப்பிவைத்தாள். இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் கண்ணிருந்தும் குருடு.

ஒரு நாள் பள்ளி விட்டபின், மறந்துபோன சால்வையை எடுக்க வகுப்புக்குத் திரும்பி வந்த டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள். அதே வகுப்புப் பையன் அஸ்கத் மேசைமேல் உட்கார்ந்து, சேறு அப்பிய பூட்ஸை நீட்டிக்கொண்டிருந்தான். பெர்மெத் மண்டியிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அழுத்தித் தொடைடீ, அடிமை! உம் பாட்டனா வந்து தொடைப்பான்? அதான் ஒருத்தனும் இல்லையே!"

"டேய்!" டீச்சர் கையை ஓங்கிக்கொண்டு போனாள். "யாருடா உனக்கு இப்படிப் பேசக் கத்துக்குடுத்தது?"

அஸ்கத் குதித்து இறங்கினான். அவன் முகத்தில் திமிர் இல்லை, நிஜமாகவே விழித்தான். "நீங்கதானே டீச்சரக்கா சொன்னீங்க."

ஓங்கிய கையை அவள் இறக்கிக்கொண்டாள். அந்த அறை யாருக்குச் சேரவேண்டியது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவமானத்தில் காது சுட்டது.

மறுநாள் வகுப்பின் முன்னால் நின்று சொன்னாள்: "அன்னைக்கு நான் பேசினது தப்பு. இனிமே அந்த வார்த்தை இங்க கேக்கக் கூடாது. பலகையோ தரையோ, அன்னைக்கு யார் முறையோ அவங்கதான் தொடைக்கணும். முடியிற வரைக்கும் நான் இங்கயே இருப்பேன்."

சாயங்காலம் எல்லோரும் போனபின் பெர்மெத்தைப் பக்கத்தில் உட்கார்த்தினாள். "ஏன் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பெர்மெத் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் தொடைக்கிறப்பல்லாம் நீங்க பார்த்துட்டு சிரிச்சுட்டுதானே போவீங்க, டீச்சரக்கா. நீங்களும் அவங்க கூட்டுன்னு நெனச்சேன்."