கண்ணுக்குக் கீழே நீலம்

அவளுக்கு மூக்குக்கண்ணாடி தேவையில்லை. ஆனாலும் மூன்று நாளாகக் கடையில் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நின்றாள். தடித்த கறுப்பு ஃபிரேம், பவர் இல்லாத வெறும் கண்ணாடி. கண்ணாடிக் கடையில் பல வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு எந்த ஃபிரேம் எதை மறைக்கும் என்று தெரியும். அகன்ற மூக்கைக் குறுக்கிக் காட்ட ஒன்று, ஒட்டிய கன்னத்தைப் பூசினாற்போல் காட்ட ஒன்று. இடது கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் பரவியிருந்த ரத்தக்கட்டைத்தான் எந்த ஃபிரேமும் முழுசாக மறைக்கவில்லை.

"அக்கா, இது உங்களுக்கு எடுப்பா இருக்கு," என்றாள் கூட வேலை பார்க்கும் பெண். சிட்டு என்றுதான் கடையில் அவளுக்குப் பெயர். "உங்களைப் பாத்துட்டு ரெண்டு பேர் இதே ஃபிரேம் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. முதலாளி உங்களைக் கண்ணாடி அலமாரியில நிக்க வெச்சிடப் போறாரு."

"நிக்கறதுக்கென்ன, அங்கயாவது உக்கார இடம் இருக்கா கேளு."

சிட்டு சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள். கண்ணாடிக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். "எப்படிக்கா ஆச்சு?"

"கதவு இடிச்சிடுச்சு."

சிட்டுவின் சிரிப்பு நின்றது. "சரிக்கா," என்றாள் மெதுவாக. ஃபிரேம் துடைக்கும் துணியை மடித்து மடித்து வைத்தாள். அந்தச் 'சரிக்கா' ஏன் அவ்வளவு மெதுவாக வந்தது என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

உண்மையில் எந்தக் கதவும் இடிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த பள்ளத்தை நிரப்ப ஊசி போட்டுக்கொண்டாள். வலது பக்கம் சொன்னபடி கேட்டது. இடது பக்கம் மறுநாள் காலையில் நீலமாக விழித்தது.

கடையில் நாள் முழுக்க எதிரே கண்ணாடிதான். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து ஃபிரேமைச் சரிசெய்யும்போதெல்லாம், பின்னால் நிற்கும் தன் முகமும் தெரியும். மகள் வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகு அந்த முகத்தில் இரண்டு நிழல் வந்து உட்கார்ந்தது. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி. வருகிறவர்கள் ஃபிரேமைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று அவளை விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கணவரிடம் கேட்டாள். "என்னங்க, நான் ரொம்ப மாறிட்டேனா?"

அவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "இல்லையே," என்றார்.

அந்த ஒரு சொல் அவளை ரொம்ப நாள் அரித்தது. ஆமாம் என்றிருந்தால்கூட ஒரு சண்டை போட்டிருக்கலாம். சண்டை போடுவதற்காவது இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் இப்போது பேச்சு என்பது சாவி எடுத்தாயா, கேஸ் மூடினாயா, மோட்டார் போட்டாயா என்பதோடு முடிந்துவிடும்.

அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் ஒரு விடுமுறை நாளில் முக அழகுக்கு ஊசி போடும் ஒரு டாக்டரிடம் போனாள். "ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று டாக்டர் முதலிலேயே கேட்டிருந்தார். "எனக்கு மாத்திரையே கிடையாது டாக்டர்," என்று பெருமையாகச் சொன்னாள். சர்க்கரைக்குப் போடுவது மாத்திரை, பிரஷருக்குப் போடுவது மாத்திரை. முந்தின இரண்டு சாயங்காலமும் தலைவலிக்குப் போட்டுக்கொண்டதை அவள் மாத்திரைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது காபி மாதிரி.

நீலம் பரவியதும் போன் செய்து, அந்த மாத்திரையின் பெயரையும் சொன்னாள். டாக்டர் பெருமூச்சு விட்டது இந்தப் பக்கம் கேட்டது.

"அது ஆஸ்பிரின்மா. அதுதான் இவ்வளவு கட்டியிருக்கு. வலி கூடிட்டே போகுதா? தோல் வெளுத்துப்போய், திட்டுத்திட்டா ஏதாவது? பார்வை மங்குதா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். நீலம் மட்டும்தான்."

"அப்போ பயம் வேண்டாம், தானா போயிடும். அப்படி ஏதாவது வந்தா மட்டும் உடனே கிளம்பி வரணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்கக் கூடாது. ஐஸைத் துணியில சுத்தி லேசா வைங்க. பத்து நிமிஷம் வெச்சா கொஞ்ச நேரம் விட்டுடணும். தேய்க்காதீங்க. தலையணையை உயர்த்தி மல்லாந்து படுங்க. ரெண்டு நாள் போனப்புறம் இளஞ்சூட்டு ஒத்தடம். அடுப்பு பக்கத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க. சமையலுக்கு வீட்டுல யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றாள். ஆள் இருக்கிறார் என்பது பொய்யில்லைதான்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர் கைப்பழக்கம். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். குழந்தைகளுக்கு அவர் லிஃப்ட் மாமா. பட்டனை அமுக்க அவர்களைத் தூக்கிப் பிடிப்பார். வெளியே அவ்வளவு கலகலப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும் கருவிப் பையோடு பேச்சையும் செருப்பு அலமாரிமேல் வைத்துவிடுவார்.

அன்று அவர் வந்தபோது அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. 'என்னாச்சு?' என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தே வைத்திருந்தாள். அவர் ஒரு தடவை பார்த்தார். கை கழுவினார். "கொஞ்சம் உப்பு குடு," என்றார்.

உப்பைக் கொடுத்தாள். யோசித்து வைத்த பதிலுக்கு வேலையே வரவில்லை.

மாடிப்படியில் பார்த்தவர்கள் கேட்டார்கள். பால்காரர் கேட்டார். முகம் தெரியாத வாடிக்கையாளர்கூடக் கேட்டார். எல்லோருக்கும் அந்தக் கதவையே சொன்னாள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர் மட்டும் கேட்கவில்லை. சமையலறையில் துணியில் ஐஸைச் சுற்றி முகத்தில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பாள். உருகின தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கும். ஐஸ் எடுத்துவிட்டுத் தட்டை நிரப்ப அவள் மறந்துவிடுவாள். ஆனாலும் அடுத்த தடவை திறக்கும்போது தட்டு நிறைந்திருக்கும். நிரப்பியதே நினைவில்லையே, மறதி வேறு வந்துவிட்டதா என்று அதற்கும் வருத்தப்பட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம். கடையிலிருந்து வந்தவள் கட்டட வாசலில் காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொள்ள நின்றாள். உள்ளே லிஃப்ட் திறந்தது. அவள் கணவர் ஏறினார். காத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும், மகனைக் கையில் பிடித்திருந்த ஒரு தகப்பனும் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள்.

"நீங்க போங்க. நாங்க அடுத்ததுல வரோம்," என்றார் தகப்பன்.

பையன் "லிஃப்ட் மாமா" என்று கையை நீட்டினான். தகப்பன் அந்தக் கையைக் கீழே இழுத்தார்.

கணவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. இப்படி நடப்பது புதிதில்லை என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, கருவிப் பையோடு நடுவில் நின்றார். எட்டுப் பேர் நிற்கக்கூடிய லிஃப்ட். கதவு அவர்மேல் மூடிக்கொண்டது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. முதுகில் யாரோ கை வைத்தார்கள். இரண்டாம் மாடி டீச்சரம்மா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிய பிறகு தனியாக இருப்பவர்.

"என் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்துதான் இருக்கும்மா," என்றார் தணிந்த குரலில். "எப்ப வேணா வரலாம். எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

"எதுக்கு டீச்சரம்மா?"

டீச்சரம்மா அவள் கன்னத்தைப் பார்த்தார். "கதவு கையை ஓங்காதும்மா," என்றார்.

சிட்டுவின் 'சரிக்கா' அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது. லிஃப்டுக்கு நிற்காமல் படியேறினாள். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு மாடியிலும் சாத்திய கதவுகள் அவளையே பார்ப்பதுபோல் இருந்தன.

வீட்டில் கணவர் ஃபிரிட்ஜ் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் ஐஸ் தட்டு. குழாயில் பிடித்த தண்ணீரைச் சிந்தாமல் கட்டம் கட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவள் பையைக் கீழே வைத்தாள். "நீங்கதானா?"

"காலியா இருந்துச்சு."

"முதல் நாள்லேர்ந்தா?"

"ம்."

"அப்போ ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவர் தட்டை உள்ளே வைத்து ஃபிரிட்ஜைச் சாத்தினார். "கேட்டா கதவுன்னு சொல்லுவ. உன்னைப் பொய் சொல்ல வைக்கணுமா? அதான் கட்டடத்துக்கே சொல்லிட்டியே."

"கீழ அவங்க லிஃப்ட்ல ஏறல. பாத்தேன்."

"மூணு நாளா அப்படித்தான். தாராளமா நின்னு வரேன்."

"'நான் அடிக்கல'ன்னு நீங்க சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா, அப்ப யார் அடிச்சான்னு உன்னைச் சுத்தி நிப்பாங்க." அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "நீயே சொல்லாம வெச்சிருக்க. எவனோ ஒருத்தன் ரோட்டுல... இல்ல எங்கயாவது மயங்கி விழுந்தியோ என்னவோ. நானும் என்னென்னவோ நினைச்சுட்டேன். என் பேர்தானே, போகட்டும்னு விட்டுட்டேன்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஊசி, டாக்டர், தலைவலி மாத்திரை. சொல்லச் சொல்ல அது சின்ன விஷயமாகவும், வெட்கப்படும் அளவுக்குப் பெரிய விஷயமாகவும் மாறி மாறித் தெரிந்தது.

"கண்ணுக்குக் கீழ பள்ளம் இருந்துச்சுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும்," என்றார். "பாப்பாவை ரயில் ஏத்திட்டு வந்த மாசம் வந்தது. இடது பக்கம் முதல்ல. அப்புறம்தான் வலது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாறலன்னு சொன்னீங்களே."

"மாறிட்டன்னு சொல்லிட்டு இந்த வீட்டுல சோறு திங்க முடியுமா?"

சிரிப்பு வந்தது. சிரித்தால் இடது கன்னம் இழுத்தது. இத்தனை மாதம் அவர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார் என்பது சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. பார்க்கப்பட்டதே தெரியாமல் அவள் தனியாக இருந்திருக்கிறாள். சொல்லத் தெரியாமல் அவரும் தனியாகவே இருந்திருக்கிறார்.

"இனிமே ஐஸ் வேண்டாமாம்," என்றாள். "இளஞ்சூட்டு ஒத்தடம்தான்."

அவர் தலையாட்டினார். மறுநாள் காலை அவள் எழுந்தபோது அவர் வேலைக்குப் போயிருந்தார். மேஜைமேல் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், பக்கத்தில் மடித்த துணி. ஒத்தடம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீடு வழக்கம்போல அமைதியாக இருந்தது. ஆனால் அவர் பெயர் கெட்டுக்கொண்டிருந்தது இந்த அமைதியால்தான்.

கறுப்பு ஃபிரேமைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, வெறும் முகத்தோடு லிஃப்டில் ஏறினாள். வேலைக்குப் போகிற நேரம், உள்ளே கூட்டம். இரண்டாம் மாடியில் டீச்சரம்மாவும் ஏறினார்.

"டீச்சரம்மா, கதவு இடிக்கல," என்றாள். குரல் தேவைக்குமேல் உரக்க வந்தது. "யாரும் அடிக்கவும் இல்ல. முகத்துக்கு ஊசி போட்டுக்கிட்டேன். அழகுக்கு."

எல்லோரும் மாடி எண்ணையே பார்த்தார்கள். டீச்சரம்மாவின் முகத்தில் இரக்கம் இன்னும் கூடிற்று.

"அவரைக் காப்பாத்த இவ்வளவு தூரம் போகணுமாம்மா?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்ன உண்மைக்குப் பொய்யைவிட மதிப்புக் குறைவாக இருந்தது. கீழே வந்து எல்லோரும் இறங்கிப்போன பிறகு டீச்சரம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். வாசல் வெளிச்சத்துக்கு நேராக நின்றாள்.

"வலது பக்கம் பாருங்க. போன மாசம் எங்க கடையில உங்களுக்குக் கண்ணாடி மாட்டினேனே, அப்ப இங்க எப்படி இருந்துச்சு?"

டீச்சரம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார். விடைத்தாள் திருத்துவதுபோல முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடி வலது பக்கம் பார்த்தார்.

"பள்ளம் இருந்துச்சு," என்றார். "எங்க போச்சு?"

"அதுக்குத்தான் ஊசி."

டீச்சரம்மாவின் விரல் மெல்லத் தன் கண்ணுக்குக் கீழே போயிற்று.

"வலிக்குமா?"

"ஊசி அவ்வளவா வலிக்கல. அதுக்கப்புறம்தான் பாடு."

"யாருக்குக் காட்டப் போறேன்னு நினைக்காதே," என்றார் டீச்சரம்மா. "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் என் முகத்தை இவ்வளவு கிட்ட வந்து பாத்தது கண் டாக்டர் ஒருத்தர்தான். அவரும் கண்ணைத்தான் பாத்தாரு."

"நான் பாத்தேனே டீச்சரம்மா, ஃபிரேம் வைக்கும்போது."

"ஆமா," என்றார். "நீயும் பாத்த."

லிஃப்ட் அவர்களுக்குப் பின்னால் காலியாகவே மேலே போயிற்று.

டீச்சரம்மா யாரிடம் எப்படிச் சொன்னாரோ தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது லிஃப்டில் நல்ல கூட்டம். கதவு மூடப்போகும் சமயம் வாசலில் கணவர் தெரிந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் தானாகவே ஒதுங்கினார்.

உள்ளே நின்ற டீச்சரம்மா கதவு திறக்கும் பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. "வாங்க தம்பி. இடம் இருக்கு."

"பரவாயில்ல டீச்சரம்மா, நான் அடுத்ததுல..."

"இருக்குன்னு சொல்றேன்ல."

அந்தத் தகப்பன் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இடம் விட்டார். கணவர் ஏறினார். கருவிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நெருக்கி நின்றார். பையன் "மாமா, நான்தான் அமுக்குவேன்," என்றான்.

எஃகுக் கதவில் எல்லோருடைய முகமும் மங்கலாகத் தெரிந்தது. கணவர் அதைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, அத்தனை பேர் நடுவில், அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஓரத்துல மஞ்சள் விழுந்திருக்கு," என்றார் மெதுவாக. "ஆறுது."

காலையில் கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே அது தெரியவில்லை.