மீசை எடுத்த ராணி

ஆதிமூலம் காலையில் மீசையை எடுத்தான். மத்தியானத்துக்குள் அவன் அப்பா நாராயணசாமி செத்துப்போய்விட்டார் என்று சுற்றுவட்டாரம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. செத்தவரோ தன் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, களியைக் கீரைக் குழம்பில் தோய்த்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கூத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

எண்பத்தேழாம் வருஷம், புரட்டாசி பிறந்த நேரம். இடஒதுக்கீடு கேட்டு வடக்குப் பக்கம் முழுக்கச் சாலை மறியல். கல்வராயன் மலை அடிவாரத்தில் இருந்த அந்த ஊரில் மறியலுக்கு முன்னால் நின்றவன் ஆதிமூலம். நாற்பதைத் தாண்டிய ஆள். ரோட்டோரப் புளியமரத்தைச் சாய்த்துக் குறுக்கே போட்டுவிட்டு, அதன்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பான். ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் கோரிக்கைக்காக வந்தார்கள், மீதிப் பேர் அந்த மீசைக்காக வந்தார்கள்.

மீசைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நாராயணசாமி தெருக்கூத்தில் ராணி வேஷம் கட்டியவர். அவர் ராணியாக வந்து இடுப்பை ஒடித்து நின்றால் பெண்களே வாயைப் பிளப்பார்கள். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஆதிமூலத்தை ஒருத்தனும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "டேய் ராணி மவனே" என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் எத்தனை பேரோடுதான் கட்டிப் புரள்வான்? உதட்டுக்கு மேல் நாலு முடி அரும்பிய அன்றே அதற்கு விளக்கெண்ணெய் போட ஆரம்பித்துவிட்டான். கூத்து நடக்கும் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் அப்பா மாட்டுக்கொட்டாயில் பாடிப் பார்ப்பதற்குக் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா? ராணியின் பாட்டு மொத்தமும் அவனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பிற்பாடு நாராயணசாமிக்கு முட்டி போய்விட்டது. அவரும் நரைத்த மீசை ஒன்றை வளர்த்துக்கொண்டு ராஜா வேஷத்துக்கு மாறினார். ராணிக்கு மணலூர்பேட்டையிலிருந்து சடையன் வருவான். ஆதிமூலத்தின் மகன் தங்கதுரை, இருபது வயசு, தாத்தாவோடு சேர்ந்து கட்டியக்காரன் வேஷம் போட்டுக் கோமாளித்தனம் பண்ணிக்கொண்டிருந்தான். நடுவில் நின்ற ஆதிமூலம் மட்டும் ஒட்டவே இல்லை.

அந்த வருஷம் மழை கிடையாது. மழைக்காகக் கூத்து விடுவதாக ஊர் கூடிக் காப்புக் கட்டியாயிற்று. கலவர நேரம், பொழுது சாய்ந்தபின் கூட்டம் வேண்டாம் என்று பகல் கூத்தாகவே வைத்தார்கள். எல்லாம் சரி, சடையன் எப்படி வருவான்? வழியெல்லாம் மரம்.

"அந்தப் புளியமரத்த ஓரமா நவுத்தி சடையன் மாமாவ மட்டும் வுட்டா இன்னா?" என்றான் தங்கதுரை.

"கல்யாண ஜனத்தையே திருப்பி அனுப்பிக்கினு இருக்கறன். ராணிக்கு மட்டும் வழி வுட்டா நாளைக்கு எவன்டா என் பேச்சக் கேப்பான்?"

நாராயணசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "அப்ப ராணிய மறிச்சவனே ராணியா வரட்டும்."

ஊரே கொல்லென்று சிரித்தது. ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டான். பின்னாலேயே நாராயணசாமியும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பாட்டு உனக்குத் தெரியும்டா. கொட்டாய்க்கு அந்தாண்ட நின்னு நீ முணுமுணுத்தத நான் கேட்டுக்கினுதான் இருந்தன்."

"நைனா, மீசய எடுக்கணும்."

"மீச வளரும். என் முட்டி வளராது. ஒரேவாட்டி என்கூட ஆடுறா. வேற எதுவும் உன்ன நான் கேட்டதில்ல."

உண்மைதான், கேட்டதில்லை. சண்டை போட்டுவிட்டு மூக்கில் ரத்தத்தோடு வந்த நாளில்கூட, "எனக்காகவாடா அடிச்சிக்கின?" என்று மட்டும் கேட்டுவிட்டு மஞ்சள் அரைத்துப் போட்டவர். ஆதிமூலம் மீசையைத் தடவிப் பார்த்தான். மீசை இல்லாத முகத்தோடு அப்புறம் மறியலில் போய் நின்றால் பையன்கள் மதிப்பார்களா? முப்பது வருஷமாக மறைத்து வைத்த "ராணி மவன்" திரும்ப வந்துவிடுமே! ஆனாலும் மறுநாள் விடிந்ததும் அவனே சுவரில் கண்ணாடியை மாட்டி எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொள்ளாத குறையாக மழித்துவிட்டான்.

அவன் பொண்டாட்டி அம்சவள்ளி காப்பியோடு வந்தவள், "ஐயோ, யாருய்யா நீ?" என்று பதறி, பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏங்க, உங்களுக்கு வாய் இவ்ளோ அழகுன்னு இத்தினி வருசமா சொல்லவே இல்லியே!"

வேஷத்துக்கு அவள் வளையல் அவன் கையில் ஏறவில்லை. முண்டாசைக் காது வரைக்கும் இறக்கிக் கட்டிக்கொண்டு, வரப்பு வழியாகக் கச்சிராயபாளையம் நடந்தான். அங்கே வளையல் கடை கலீலுல்லா, நாராயணசாமிக்கு ராணிக் காலத்திலிருந்தே சிநேகிதர்.

எங்கள் பக்கத்தில் மீசை வைத்த ஆம்பளை அதை எடுக்க ஒரே காரணம்தான். பெற்றவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முண்டாசுக்குள் தலை மொட்டையா இல்லையா என்று யார் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்? அந்த வெறும் உதட்டைப் பார்த்ததும் கலீலுல்லா கையிலிருந்த வளையல் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

"நாராயணசாமி அண்ணன்... எப்பப்பா?"

ஆதிமூலம் வாயைத் திறந்தான். இல்லை என்று சொன்னால் மீசை எங்கே என்று கேட்பார். ராணி வேஷத்துக்கு என்று கடைத்தெருவில் நின்று எந்த வாயால் சொல்வது? தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான் செய்தான் பாவி. கலீலுல்லா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பொலபொலவென்று அழுதார். வளையலாவது ஒன்றாவது, ஆதிமூலம் தப்பித்தால் போதும் என்று திரும்பி ஓடிவந்துவிட்டான். சேதியை ஊர் ஊராகக் கொண்டுபோக அங்கே ஒரு பால்காரர் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

மூணு மணி வெயிலில் கூத்து மேடை தயார். நாராயணசாமி கிரீடம், தோளில் புஜக்கட்டை எல்லாம் கட்டிக்கொண்டு, முகத்தில் சிவப்பு அரிதாரம் மினுங்க உட்கார்ந்திருந்தார். ஆதிமூலம் சேலை கட்டி, டோப்பா முடி வைத்து, திரைக்குப் பின்னால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அப்போது ஊர் எல்லையில் பறை கேட்டது. கூத்து மேளம் இல்லை, சாவு மேளம்.

முன்னால் தலைவிரி கோலமாக ஓடி வந்தவள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட ஆதிமூலத்தின் தங்கை பூமாலை. "என்னப் பெத்த நைனா, என்ன வுட்டுப் போயிட்டியே!" பின்னால் மாலைகள், கோடித்துணி, நாலு ஊர்ச் சனம், கண் சிவந்த கலீலுல்லா. சாவுக்கு வருகிறவர்களை எந்த மறியல் தடுக்கும்? மரத்தையெல்லாம் தாண்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

நாராயணசாமி கிரீடத்தோடு எழுந்து நின்றார். "யாருடி செத்தது?"

பூமாலை ஒப்பாரியை இன்னும் ஒரு அடி இழுத்தாள். பிறகுதான் கண்ணைத் துடைத்துப் பார்த்தாள். பார்த்ததும் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டு, உடனே நெஞ்சில் மாறி மாறிக் குத்தினாள். "உயிரோட இருந்துக்கினு ஏன் எங்கள இப்பிடி ஓட வுட்ட?"

"நான் எங்கடி ஓட வுட்டன்?"

"அண்ணன் மீச எடுத்துட்டான்னு சொன்னாங்களே!" என்றாள் பூமாலை. கலீலுல்லா முன்னால் வந்தார். "நானே என் கண்ணால பார்த்தேனே!"

எல்லார் கண்ணும் திரைப் பக்கம் திரும்பியது. கூட்டத்தில் மறியல் பையன்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஆதிமூலத்துக்குப் பின்பக்கமாக ஓடி மலை ஏறிவிடலாமா என்று இருந்தது. ஆனால் தன் வாய் திறக்காததால்தானே உயிரோடு இருக்கிற மனுஷனை ஊரே அழுதுகொண்டு தேடி வந்திருக்கிறது! வெட்கத்துக்குப் பயந்து பெற்ற அப்பனையே சாகடித்துவிட்டோமே என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. திரையை ஒரே இழுப்பாக விலக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"ராணி வேசம் கட்டத்தான் எடுத்தன். சொல்ல வெக்கமா இருந்திச்சு. இப்ப இல்ல."

முதலில் சிரித்தவர் கலீலுல்லாதான். அப்புறம் அழ வந்த கூட்டம் மொத்தமும் உருண்டு புரண்டு சிரித்தது. "எனக்குன்னு வாங்கின மால, எனக்கே போடுங்க" என்று நாராயணசாமி கழுத்தை நீட்டினார். கோடித்துணி சிம்மாசனத்துக்கு விரிப்பானது. பூமாலை கை பெருத்தவள். வளையல்களைக் கழற்றி அண்ணன் கையில் மாட்டிவிட்டாள். "சாவு மேளமே கூத்துக்கும் அடிக்கட்டும்" என்று யாரோ கத்த, பறைக்காரர்கள் தாளத்தை மாற்றினார்கள்.

கட்டியக்காரன் தங்கதுரை குதித்து வந்தான். "வந்தாங்கய்யா மகாராணி! புளியமரத்தச் சாச்சி மணலூர்பேட்டை ராணிய மறிச்ச மகாராணி! காலைல அப்பனச் சாவடிச்சி, சாயங்காலம் அப்பனுக்கே பொண்டாட்டியா வந்த மகாராணி!"

ஆதிமூலம் பாடினான். முதல் வரியில் குரல் பிசிறியது. இரண்டாவது வரியில் இடுப்பு தானாக ஒடிந்தது. அட, அது அப்பாவின் ஒயில் அல்லவா! இத்தனை வருஷம் அந்த உடம்புக்குள் எங்கே ஒளிந்திருந்தது? மண்வெட்டி பிடித்த கை மல்லிகை தொடுப்பது போல வளைந்தது. அவனுக்குச் சந்தோஷத்தில் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

கூத்துக் கதை அந்த ஊர்க்காரர்களே கட்டியது. எவருக்கும் தலைகுனியாத ராஜா ஒருத்தன். வேட்டையிலிருந்து திரும்பினால், பெற்ற பிள்ளை அவன் மீசையைக் கண்டு வீறிடுகிறது. மீசையை இறக்கிவிட்டுத் தொட்டிலை ஆட்டினால்தான் உள்ளே விடுவேன் என்கிறாள் ராணி. கடைசியில் ராஜா அவள் காலில் விழுந்து, தாலாட்டுப் பாட வேண்டும்.

அந்த இடம் வந்ததும் ஆதிமூலம் பதறிப் பின்னால் நகர்ந்தான். பெற்ற அப்பன் மகன் காலில் விழுவதா! "நைனா, வேணாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

நாராயணசாமி கெட்டுப்போன முட்டியை மடக்கிக் குனிந்தபடியே கிசுகிசுத்தார். "நான் ராணி கால்ல விழறன்டா. நகராத. உன் ஆட்டத்தப் பார்த்துக் கும்புடாம எழுந்துபோக என்னால முடியாது."

ஆதிமூலம் நின்றான். கண்ணீர் அரிதாரத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. பிறகு குனிந்து, கிழவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தோளில் சாய்த்துக்கொண்டு தாலாட்டை அவனே தொடங்கினான். கதையில் அப்படி இல்லை. ராஜாவும் சேர்ந்து பாடினார். தங்கதுரை கோமாளிக் குல்லாயைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மழை வந்ததா என்று கேட்காதீர்கள். நாலு தூறல் விழுந்தது, அதற்கே சனங்கள் குதித்தார்கள்.

மறுநாள் காலையில் ஆதிமூலம் முண்டாசு இல்லாமல் மறியலுக்குப் போனான். காதோரம் கொஞ்சம் அரிதாரம் போகாமல் ஒட்டியிருந்தது. புளியமரத்தின்மேல் காலைத் தூக்கி வைத்தான். முறுக்குவதற்குக் கை பழக்கத்தில் உதட்டுக்குப் போய், ஒன்றும் கிடைக்காமல் இடுப்பில் வந்து நின்றது.

பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எவனோ ஒருவன் பின்னாலிருந்து சன்னமாக, "ராணி மவன் வந்துட்டாரு" என்றான்.

ஆதிமூலம் திரும்பினான். முப்பது வருஷக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இடுப்பை லேசாக ஒடித்து, கழுத்தை ஒரு வெட்டு வெட்டினான்.

"ராணி மவனாடா? நேத்து நீ கூத்துப் பார்க்கலியா? ராணியே நான்தான்டா!"