இரண்டு கிண்ணம் திஹே

குடிசைக்குப் பின்னால், என் கணவர் கச்சல்லா சிறுநீர் கழிக்கும் இடத்தில், எறும்புகள் மறுபடியும் வந்திருந்தன. பல மாதங்களாக விடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். சர்க்கரை இறங்கினால் எறும்பு குறையும் என்று நர்ஸ் ஜெனபா சொல்லியிருந்தாள். குறையவில்லை.

கூடையை எடுத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தேன். ஆண்கள் கால் வைத்தால் குளம் மலடாகிவிடும் என்பார்கள். திஹே அள்ளுவது எங்கள் வேலை. தண்ணீர்மேல் படரும் அந்தப் பச்சைப் பாசியை வடித்து, மணலில் வட்டமாக ஊற்றி, காய்ந்ததும் துண்டுகளாக வெட்டுவோம். முன்பு என் துண்டுகள் சந்தைக்குப் போகும். திஹே சர்க்கரையை விரட்டும் என்று ரேடியோவில் யாரோ சொன்னதிலிருந்து எல்லாம் குழம்பாகி என் கணவரின் கிண்ணத்துக்கே போகிறது.

"உன் வீட்டுக்காரரு குளத்தையே குடிச்சிருவாரு போலிருக்கே," என்றாள் பக்கத்தில் அள்ளிக்கொண்டிருந்த யகானா.

"குடிக்கட்டும் விடு. உடம்பு தேறினாச் சரி."

"தேறுதா?"

கூடையை மறுபடி தண்ணீரில் அமிழ்த்தினேன்.

வெயில் ஏறியதும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கால் விரலில் இருந்த புண் ஆறவேயில்லை. ஜெனபா ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"இப்படியே போச்சுன்னா விரலை எடுக்க வேண்டி வரும். மாத்திரை போடறீங்களா?"

"போடறேன். அதுக்கு மேல திஹே வேற. தினம் ரெண்டு கிண்ணம்!"

"எதோட சாப்பிடறீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "இது என்ன தாயி கேள்வி? குழம்பை எதோட சாப்பிடுவாங்க? களியோடதான்."

"எவ்வளவு களி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் இரு கைகளையும் அகட்டிக் காட்டினேன். குழம்பு இரண்டு மடங்கானதும் கம்பங்களி உருண்டையும் இரண்டாகியிருந்தது. வெறும் குழம்பைக் குடிக்க எங்களில் யாருக்கும் தோன்றாது.

ஜெனபா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "திஹே கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனா இவ்வளவு களியை எந்தப் பாசி சரிக்கட்டும்?"

அன்று மாலை கிண்ணம் நிறையக் குழம்பும், கைப்பிடியளவு களியும் வைத்தேன்.

"மீதி எங்க?"

"அவ்வளவுதான்."

"குழம்பு மிஞ்சுதே. மருந்தை வீணாக்கச் சொல்றியா?"

"மிஞ்சினதை நான் சாப்பிட்டுக்கறேன்."

"பட்டினி போட்டே கொல்லப் போறே."

"விரலோட பட்டினி கிடங்க."

அவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆறிப்போன குழம்பை நான் நின்றபடியே குடித்தேன். களி இல்லாமல் அது வெறும் குளத்துத் தண்ணீராக இருந்தது.

தினமும் அதே சண்டை. தினமும் அதே சிறிய உருண்டை. குழம்பும் ஒரு கிண்ணமாகக் குறைந்து, சந்தைக்கு மறுபடி சில துண்டுகள் போகத் தொடங்கிய ஒரு காலையில், குடிசைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். எறும்புகள் இருந்தன. ஆனால் அவற்றின் வரிசை அங்கங்கே அறுந்திருந்தது. சரியாகப் பார்க்கக் குனிந்தேன், இடுப்பு வலித்தது.

நிமிர்ந்து, கூடையைத் தேடினேன்.