மாமா நட்ட வரிசை

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை, அக்காவுடையது. அவள் போனில் அழுதுகொண்டிருந்தபோது நான் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதுகிறவன் புத்தி வேறெங்கே போகும்!

முதல் தொடக்கம்: ‘பச்சைப் பசேலென்ற வயலில் காலைக் கதிரவன்…’ சீ, வேண்டாம்.

இரண்டாவது: ‘நெல்லை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கொல்லும் மருந்து ஒன்று உண்டு.’ இது பரவாயில்லை. ஆனால் நெல்லும் புல் சாதிதானே? மருந்துக்கு எப்படி ஆள் தெரியும்? (அக்காவிடமே கேட்டேன். “நெல்லு அதைச் செரிச்சுடும்டா, புல்லால முடியாது. இப்ப அதுவா முக்கியம்?” என்றாள்.)

2.

நடந்தது இதுதான். நட்ட வயலில் அங்கங்கே நாற்று செத்து இடைவெளி விழுந்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், வரப்போரம் நின்ற நாற்றுகளைப் பிடுங்கிவந்து, கயிறு பிடித்து, வரிசை பிசகாமல் நட்டார்.* பிறகு புல் மண்டியது. மருந்தடிக்கலாம் என்றாள் அக்கா. பயிருக்கு ஆகாது என்றார் மாமா. அவள் கேட்கவில்லை. புல்லின் இலை நன்றாக வெளியே தெரியும்படி தண்ணீரை வடித்துவிட்டு அடித்தாள்.

புல் மஞ்சளாகிச் சாய்ந்தது. கூடவே மாமா நட்டதும், வரிசை வரிசையாக.

“நான் வெச்சதை மட்டும் பார்த்துப் பார்த்துக் கொன்னுட்டியே!” என்றார் மாமா. அதோடு பேச்சு நின்றது. சோற்றைக்கூடத் தானே போட்டுக்கொள்கிறார்.

* மாமாவுக்கு முதுகுவலி உண்டு. இதை எங்கே சொல்வதென்று தெரியவில்லை.

3.

அக்காவைக் கொஞ்சம் கெட்டவளாக்கிப் பார்த்தேன். ‘ஆத்திரத்தில் மருந்தைக் கூடுதலாக ஊற்றி…’ [இல்லை. அளந்துதான் ஊற்றினாள். மற்ற நெல்லெல்லாம் நன்றாகத்தான் நிற்கிறது.] அப்படியானால் மாமாவின் நாற்றை மட்டும் மருந்து எப்படிக் கண்டுபிடித்தது? மறுபடி போன் போட்டேன்.

“ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தேன்டா,” என்றாள். “இலை தண்டோட சேர்ற இடத்துல நெல்லுக்கு ஒரு சின்ன நாக்கு இருக்கும். இது மொட்டையா இருக்கு. அவர் நட்டது பூராவும் புல்லு.”

“ஐயோ! பார்த்தா தெரியாதா?”

“சின்னதுல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதடா. குனிஞ்சு குனிஞ்சு வெச்சார் மனுஷன். வரிசை அழகா இருக்குன்னு நானும்தான் சொன்னேன்.” மறுபடி அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

4.

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். வெளியே தெரிந்தால் மாமாவை ஆயுசுக்கும் கேலி செய்வார்கள். அவர் அதைத் தாங்க…

முடிவு இரண்டு: சொல்லாமல் பழியைத் தானே சுமக்கிறாள். பேச்சு எப்போது திரும்பும்?

[எழுத்தையும் களையையும் ஒப்பிட்டு இங்கே ஒரு பத்தி இருந்தது. பிடுங்கிவிட்டேன்.]

முடிவு மூன்றை யோசிப்பதற்குள் அக்காவே கூப்பிட்டாள். கிசுகிசுப்பாகப் பேசினாள்.

“டேய், மாமா என்கிட்ட பேசிட்டார்டா! ‘போனது போகட்டும், கயித்தைப் பிடி, சேர்ந்தே நடலாம்’ங்கறார். கையில ஒரு கட்டு நாற்று வெச்சிருக்கார்.”

“எங்கேர்ந்து?”

“அதே வரப்போரம்தான்.”

“நாக்கு இருக்கா, பார்த்தியா?”

“பார்த்துட்டேன். மொட்டை. நான் என்னடா பண்ணட்டும்?”

எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நீங்களாவது சொல்லுங்கள், சீக்கிரம். வாசலில் மாமா சிரித்தபடி கூப்பிடுவது போனில் கேட்கிறது: “வர்றியா, இல்லையா?”